மேல்மாடி மணி

நான் பஸ் ஓட்டுகிறவன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், டிப்போவில் அது மக்கர் பண்ணினால் எங்களுக்குச் சம்பளம் தள்ளிப்போகும் என்பதுதான். ஆனால் பெரியாஸ்பத்திரியில் ஒருவரைப் பார்த்தேன். மேஜைமேல் விளக்கு எரிய உறுமிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது இல்லை” என்றார். குடித்திருக்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. மாதம் தவறாமல் சம்பளமும் வாங்குகிறார்.

என் அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு மார்பில் கட்டி. சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று. அறுவை டாக்டர் என்னிடம் தெளிவாகவே சொன்னார்.

“ரிப்போர்ட்டைப் பாத்தாத்தான் எவ்வளவு எடுக்கணும்னு முடிவு பண்ண முடியும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துட்டா அடுத்த நாளே ஆபரேஷன். வரலைன்னா அந்தத் தேதி வேற ஆளுக்குப் போயிடும். அடுத்தது எப்போன்னு எனக்கே தெரியாது. நீங்க காத்துக்கிட்டிருக்கலாம், கட்டி காத்துக்கிட்டிருக்காது.”

சரி, ரிப்போர்ட்தானே என்று முதல் மாடியிலிருந்த பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். வெள்ளைக் கோட்டெல்லாம் ஊதாக் கறையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா பெயரைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள்.

“ரெடியா இருக்கு அண்ணே. ரெடியாகி ரொம்ப நாளாச்சு.”

“அப்ப குடுங்கம்மா.”

“குடுக்க முடியாது. இந்த மெஷினுக்குள்ள இருக்கு, வெளிய போகாது.”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவளே விளக்கினாள். ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டருக்கும் சேர்த்து மேல்மாடியில் ஒரு டைரக்டரி வைத்திருக்கிறார்களாம். பள்ளிக்கூட வருகைப்பதிவு மாதிரி. அதில் பதிவு இருக்கிற கம்ப்யூட்டர்தான் மற்றக் கம்ப்யூட்டரோடு பேசலாம், பிரிண்டரில் அச்சடிக்கலாம். பரிசோதனைக்கூடத்துக்குப் பெயிண்ட் அடித்தபோது இந்த மெஷினைக் கழற்றி, சாக்கைப் போட்டு மூடி, மூலையில் வைத்திருந்தார்கள். பெயிண்ட் காய்ந்து திரும்ப மாட்டிப் பார்த்தால் டைரக்டரியில் இதைக் காணோம். அன்றிலிருந்து அவள் தட்டுகிற ரிப்போர்ட்டெல்லாம் இதற்குள்ளேயே குவிகிறது.

“புகார் குடுக்கலையா?”

“புகாரை இந்த மெஷின்லேர்ந்துதான் அனுப்பணும்னு சுற்றறிக்கை அண்ணே.”

“நேர்ல போய்ச் சொல்றதுதானே?”

“போனேன். ஊழியர் சொன்னா எடுத்துக்க மாட்டாங்களாம். பாதிக்கப்பட்டவங்க வரணுமாம்.”

“அட, வாயால சொல்லும்மா. நல்லதா, கெட்டதா?”

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “சொன்னா என் வேலை போயிடும். எழுதிக் குடுத்தாலும் போயிடும்.” அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் அதற்குமேல் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் மாடிக்கு ஓடி, அறுவை டாக்டரிடம் கெஞ்சினேன். ஒரு மாடி இறங்கி வந்து, அந்தத் திரையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் போதுமே!

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வந்து பாக்கலாம்ங்க. ஆனா என் மேஜையில இருக்கிற ஸ்கிரீன்ல தெரிஞ்சாத்தான் அது ரிப்போர்ட். அப்படித்தான் விதி. கீழ போய்ப் பாத்தேன், மாடிப்படியில பாத்தேன்னெல்லாம் சொல்ல முடியாது. நாளைக்கு ஒண்ணுன்னா என் கழுத்துலதான் கத்தி வைப்பாங்க. நீங்க மேல போய்ப் பாருங்க.”

கீழே வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். மூன்றாவது ஆள் தரையில். லிஃப்ட்டோ ஓடுகிற நாளில் ஓடும். மேல்மாடிக்கு ஏறிப் போனால், கதவைத் திறந்ததும் ஏசிக் காற்று முகத்தில் அறைந்தது. தரையெல்லாம் கம்பளம். தொட்டியில் செடி. அந்தச் செடிக்கு ஒரு விளக்கு. செடிக்குக் கிடைத்த இடம் என் அக்காவுக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்ததுமே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

உள்ளே ‘டிங்’ என்று மணி அடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

“என்ன சார் விசேஷம்?” என்று கதவோரம் இருந்தவரைக் கேட்டேன்.

“ஒரு கம்ப்யூட்டர் கெடைச்சிடுச்சு. தேடல் வெற்றின்னா மணி அடிப்போம். ஊழியர்களுக்கு ஒரு உற்சாகம்.”

“எந்தக் கம்ப்யூட்டர் சார்?”

மணி அடித்த பெண்ணை அவர் காட்டினார். அவள் தன் முன்னால் இருந்த கம்ப்யூட்டரைத்தான் தேடியிருக்கிறாள். அதிலேயே உட்கார்ந்து, அதையே தேடி, கண்டுபிடித்துவிட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே பக்கத்து மேஜையில் மணி அடித்தது. அவரும் தன்னுடையதைக் கண்டுபிடித்துவிட்டார். மறுபடி கைதட்டல். காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த மாடியில் நடக்கிற வேலை இதுதான்.

தேடல் அதிகாரி என்று பலகை வைத்திருந்தவர்முன் போய் நின்றேன். மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிட வேண்டும். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

“சொல்லுங்க, எந்தப் பெட்டியில இருக்கு?”

“மேஜைமேல இருக்கு சார். முதல் மாடியில.”

“அதில்லைங்க. டைரக்டரிக்குள்ள பெட்டி பெட்டியா வச்சிருக்கோம். கட்டடம் ஒரு பெட்டி, அதுக்குள்ள மாடி, அதுக்குள்ள துறை, இப்படிப் போகும். எந்தப் பெட்டின்னு நீங்க சொன்னா, அதுல தேடி எடுத்துக் குடுத்துடுவேன்.”

“பரிசோதனைக்கூடத்துப் பெட்டியில பாருங்க.”

தட்டினார். “அதுல இல்லை. வேற எந்தப் பெட்டி?”

“அது எந்தப் பெட்டியில இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா, உங்களை எதுக்கு சார் தேடச் சொல்றேன்?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எங்க இருக்குன்னு தெரியாததைத் தேடினா தேடல் தோத்துடும்ங்க. தோத்த தேடலெல்லாம் என் பேர்ல ஏறும். உங்களுக்காக இப்பவே ஒண்ணு தோத்துட்டேன்.” சொல்லிவிட்டு, தன் கம்ப்யூட்டரை ஒருமுறை தேடி, மணி அடித்து, கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டார். கை தட்டினார்கள்.

“எல்லாப் பெட்டியிலயும் சேத்துத் தேட வழியே இல்லையா?”

“இருக்கு. நட்சத்திரக் குறின்னு ஒண்ணு. அதைப் போட்டா எல்லாத்தையும் தேடும். ஆனா அதுக்கு இயக்குநர் அனுமதி வேணும்.”

“அவர் எங்க?”

“கூட்டத்துல.”

“என்ன கூட்டம்?”

“நட்சத்திரக் குறியை அடியோட ஒழிக்கிறது எப்படின்னு.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இயக்குநரை நாளைக் காலையில்தான் பார்க்க முடியும் என்றார். அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று, அந்தக் கம்ப்யூட்டர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவரை என்னோடு அனுப்பினார். இருப்புச் சரிபார்ப்பாளராம். அவர்தான் நான் முதலில் சொன்ன ஆள்.

கையில் ஒரு டேப்போடு, அதாவது சிலேட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டரோடு, பரிசோதனைக்கூடத்துக்கு வந்தார். மெஷினைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். குனிந்தார். பெயர் ஒட்டிய சீட்டு எங்கே என்று கேட்டார். பெயிண்ட் அடித்தவர்கள் சீட்டின் மேலேயும் ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தார், ஜுரம் பார்க்கிற மாதிரி.

“சூடா இருக்கு.”

“ஆமா சார்,” என்றேன் ஆவலாக.

“சத்தமும் வருது.”

“வருது சார்.”

“ஆனா இது இல்லை.”

கோட்டுப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். “கண்ணால பாக்குறீங்க, கையால தொடுறீங்க. அப்புறம் இல்லைன்னா என்ன சார் அர்த்தம்?”

“கண்ணு, கையெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்ங்க. டைரக்டரி மாறாது. ஒரு கம்ப்யூட்டர் டைரக்டரில இல்லாம மேஜையில மட்டும் இருந்தா, தப்பு மேஜையோடது.” சொல்லிக்கொண்டே கையிலிருந்த டேப்பில் அந்த டேப்பையே தேடினார். ‘டிங்’ என்றது. திருப்தியாகப் போய்விட்டார்.

சாயங்காலம் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏன்டா தம்பி, ஒரு காப்பி எடுத்துக் குடுக்க இத்தனை பேரா? என் கடையில நான் ஒருத்திதான்டா. கரன்ட் இல்லாத நாள்லகூட யாரையும் இப்படி அலையவிட்டதில்லை.”

பேச்சு பேச்சாக இருந்தாலும் கை, சட்டையின் நாடாவைத் திருகிக்கொண்டிருந்தது. அவள் பயந்துபோனால் அப்படித்தான், கையில் அகப்பட்டதைத் திருகுவாள். ஆஸ்பத்திரிச் சட்டையின் நாடா வந்த அன்றே அறுந்துபோயிருந்தது. பக்கத்தில் படுத்திருந்த தையல்காரம்மாதான் பையிலிருந்து ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கும் அதே கட்டி. அவரிடம், “ரிப்போர்ட் வரலை, வந்தா கூப்பிடுறோம்” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டில் வேண்டுமாம்.

மறுநாள் காலை இயக்குநர் அறை. சுவர் முழுக்கக் கேடயங்கள். பெரிதாக ஒன்று நடுவில்: ‘நூற்றுக்கு நூறு தேடல் வெற்றி.’ நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். தனி ஆளாக நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் மேடையில் நின்று பேசுகிற மாதிரியே பேசினார்.

“நான் பதவிக்கு வந்தப்ப இந்த ஆஸ்பத்திரி இருந்த நிலைமை உங்களுக்குத் தெரியாது. தேடினா பாதிக் கம்ப்யூட்டர் கெடைக்காது. வெக்கக்கேடு! வேற யாரா இருந்தாலும் என்ன பண்ணியிருப்பாங்க? கெடைக்காததை ஒண்ணொண்ணாத் தேடிக்கிட்டு அலைஞ்சிருப்பாங்க. நான் அப்படிப் பண்ணலை. கெடைக்காத கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சேத்து, அதுங்களுக்குன்னே ஒரு பெட்டி பண்ணச் சொன்னேன். ‘காணாமல் போனவை’ன்னு பேரு. கொஞ்ச நாள் அணைஞ்சு கெடந்தாக்கூட அதுவாவே அதுக்குள்ள போயிடும். பத்திரமா இருக்கும்.”

எனக்கு உயிர் வந்தது. “அப்ப பரிசோதனைக்கூடத்து மெஷின் அதுலதான் சார் இருக்கும்! அந்தப் பெட்டியில தேடச் சொல்லுங்க!”

“அதுல தேட முடியாது.”

“ஏன்?”

“தேடல்லேர்ந்து அந்தப் பெட்டியை எடுத்துட்டோம். அது உள்ள இருந்தவரைக்கும் கணக்கு உதைச்சுக்கிட்டே இருந்தது. எடுத்த மறுநாளே நூத்துக்கு நூறு.” கேடயத்தை அன்பாகப் பார்த்தார். “இப்ப எங்க தேடினாலும் கெடைக்குது. ஏன்னா, கெடைக்கிறதை மட்டும்தான் தேடுறோம்.”

“எங்க அக்கா ரிப்போர்ட் அந்த மெஷின்ல இருக்கு சார். மத்தியானத்துக்குள்ள வேணும். நட்சத்திரக் குறி ஒரு தடவை போட்டாப் போதும்.”

“போட்டா அந்தப் பெட்டியும் சேந்து வெளிய வந்துடும். அத்தனை கம்ப்யூட்டர் காணோம்னு ஊருக்கே தெரிஞ்சுபோயிடும். ஒரு தனிப்பட்ட நோயாளிக்காக ஒரு நிறுவனத்தோட பேரைக் கெடுக்கச் சொல்றீங்களா? உங்க உணர்ச்சி எனக்குப் புரியுதுங்க. ஆனா நோயாளிங்கிறது கீழ்மாடி விஷயம்.”

என் பஸ்ஸில் ஒரு பயணி கீழே விழுந்துவிட்டால் நான் பிரேக்கை மிதிப்பேன். இந்த ஆள் டிக்கெட் கணக்கிலிருந்து அவரைக் கழித்துவிட்டு, பஸ் நிறைய ஆள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓட்டுவார். இவருக்குக் கேடயம் கொடுக்கிறார்கள், அதைத் துடைக்க ஆளும் வைத்திருக்கிறார்கள். கை ஓங்கிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. எழுந்து வெளியே வந்தேன். பின்னால் மணி அடித்தது.

நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். கோட்டுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜைக்கடியில் குனிந்து ஒயரைப் பிடித்து இழுத்தேன்.

“என்னண்ணே பண்றீங்க!”

“டாக்டர் மேஜையில இருக்கிற ஸ்கிரீன்ல தெரியணும்னு சொன்னார். அந்த மேஜைக்கே கொண்டுபோறேன். நீ பாக்கலைன்னு சொல்லிடு.”

அவள் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே குனிந்தாள். “எந்த ஒயரு எங்க போகும்னு உங்களுக்குத் தெரியாது. விடுங்க.” கம்ப்யூட்டர் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, திரையைத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

மாடிப்படிக் கதவில் காவலர் மறித்தார். கம்ப்யூட்டர் மாடி விட்டு மாடி போனால் டைரக்டரியில் பார்த்துத்தான் விட வேண்டுமாம். தன் டேப்பில் தட்டினார். மறுபடி தட்டினார்.

“ஒண்ணும் வரலையே?”

“வராது,” என்றேன்.

“அப்ப இது ஆஸ்பத்திரியோடது இல்லை. உங்க சொந்தமா?”

“எங்க அக்காவோடது.”

“பாத்துப் போங்க, படியில வழுக்கும்,” என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் அறையில் அவருடைய திரையைத் தள்ளிவிட்டு இதை வைத்தோம். கோட்டுப் பெண் ஒயர்களை மாட்டினாள். டாக்டர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானம் ஆக இன்னும் நேரம் இருந்தது.

“என் மேஜை. என் மேஜையில இருக்கிற ஸ்கிரீன்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். படித்தார்.

“கெட்டதுதான். ஆனா சின்னது, எங்கயும் பரவலை. நாளைக்கு எடுத்துடலாம். அக்கா நல்லா இருப்பாங்க.”

அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் படவில்லை. பாதி அழுகையில் கோட்டுப் பெண்ணின் குரல் கேட்டது. “டாக்டர், நிறுத்தாதீங்க. இன்னும் கீழ இருக்கு.”

இருந்தது. பெயிண்ட் அடித்ததிலிருந்து வந்த அத்தனை பேரும் அதற்குள் இருந்தார்கள். டாக்டர் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தார். ஒன்றில் கை நின்றுவிட்டது.

“இவங்க எங்க?”

எட்டிப் பார்த்தேன். தையல்காரம்மா.

“வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே டாக்டர்.”

“இது வேகமாப் பரவுற வகை. இவங்களைத்தான் முதல்ல பண்ணியிருக்கணும்.” உடனே போன் போட்டார். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. நான் அன்றைக்கே அந்த அம்மாவின் தையல் கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஷட்டரில் பூட்டு. மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். மகள் வீடு எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. தையல் மெஷினையும் விற்றுவிட்டாராம்.

அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் தலையணையில் சாய்ந்து உட்காரத் தொடங்கிய நாளில், வார்டுக்குள் ஒரு படையே வந்தது. முன்னால் இயக்குநர், பின்னால் தேடல் அதிகாரி, கடைசியில் டேப்போடு சரிபார்ப்பாளர். அறுவை டாக்டர் மேலிடத்தில் போட்ட சத்தத்தில் இயக்குநர் வேறு வழியில்லாமல் நட்சத்திரக் குறியைப் போட்டிருக்கிறார். பதிவு கிடைத்துவிட்டது. மணி அடித்திருக்கிறார்கள். புதுக் கேடயத்துக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று பரிசோதனைக்கூடத்துக்கு இறங்கி வந்தால், மேஜை காலி. ‘அக்காவோடது’ என்று நான் சொன்னதைக் காவலர் சொல்லியிருக்கிறார், நேராக இங்கே வந்துவிட்டார்கள்.

“டைரக்டரில இருக்கு, மேஜையில இல்லை!” இயக்குநருக்கு மூச்சு வாங்கியது. “இது திருட்டு! எங்க அந்தக் கம்ப்யூட்டர்?”

“மேஜையில இருந்தப்ப இல்லைன்னீங்க. இப்ப மேஜையில இல்லாதப்ப இருக்குங்கிறீங்க. அது உங்க பாடு,” என்றேன். “அதுல இருந்த ஒரு அம்மாவைக் காணோம். தையல் வேலை பண்றவங்க. உங்க பெட்டிக்குள்ள ரிப்போர்ட்டைப் போட்டுப் பூட்டிட்டு, அவங்களை வெறுங்கையோட அனுப்பிட்டீங்க. அவங்களைத் தேடிக் குடுங்க, கம்ப்யூட்டர் எங்கன்னு அப்பவே சொல்றேன்.”

“நோயாளியெல்லாம் எங்க டைரக்டரில வர மாட்டாங்க,” என்றார் தேடல் அதிகாரி, மரியாதையாகவே. “எங்க இருக்காங்கன்னு தெரியாம எப்படிங்க தேடுறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். சட்டையின் நாடாவை இழுத்து, தைத்திருந்த இடம் அவர்களுக்குத் தெரிகிற மாதிரி பிடித்தாள்.

“இதைத் தச்சுக் குடுத்தவங்க. கண்டுபுடிச்சிட்டு வந்து மணி அடிங்கய்யா.”

இயக்குநர் தரையைப் பார்த்தார். அப்போது சரிபார்ப்பாளரின் கையில் ‘டிங்’ என்றது. பழக்கதோஷம், அவர் தன் டேப்பைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் டிப்போவுக்குக் கிளம்பினேன். நாளையிலிருந்து வேறு வேறு தடத்தில் வண்டி கேட்டிருக்கிறேன். அந்த மகள் வீடு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிக் கேட்கப் போகிறேன். அதற்கு எந்த இயக்குநரின் அனுமதியும் எனக்குத் தேவையில்லை.